மழையின் இடமும் நமது மனையும்

(ஜும்ஆ உரை)

 

  

ஐப்பசி பிறந்துவிட்டால் நமது கடற்கரை ஊர்களில் இரண்டு அச்சங்கள் சேர்ந்தே பிறக்கின்றன. மழை பொய்த்துவிடுமோ என்பது ஒன்று. மழை பெய்தால் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்பது மற்றொன்று. சித்திரையில் குடத்தைத் தூக்கிக் கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுகிற அதே குடும்பம், கார்த்திகையில் அரிசி மூட்டையைத் தூக்கிக் கொண்டு மாடிக்கு ஓடுகிறது. ஒரே நிஃமத்தை ஓராண்டுக்குள் இரண்டு முறை இழக்கிறோம். இதற்குக் காரணம் மழையா, நாமா? இதைத்தான் இந்த வாரம் தங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இரண்டு ஜும்ஆக்கள்

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றிக் கொண்டிருந்தபோது ஒரு மனிதர் பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். மழையின்றிக் கால்நடைகள் மடிந்துவிட்டன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன என்று முறையிட்டு, மழைக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டினார். அண்ணலார் கைகளை உயர்த்தினார்கள். அப்போது வானில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போன்றதொரு மேகம் எழுந்தது. அது நடுவானுக்கு வந்து விரிந்தது. மழை கொட்டியது. ஒரு வாரம் மதீனாவாசிகள் சூரியனையே பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாசல் வழியாக மீண்டும் ஒருவர் வந்தார். முறையீடு ஏறத்தாழ அதேதான். செல்வங்கள் அழிந்துவிட்டன, பாதைகள் அறுபட்டுவிட்டன, மழையை நிறுத்தும்படி பிரார்த்தியுங்கள் என்றார். அல்லாஹ்வின் தூதர் மீண்டும் கைகளை உயர்த்தினார்கள்.

சகோதரர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மீது வேண்டாம் என்று கேட்டார்கள். அதோடும் நிறுத்திக் கொள்ளவில்லை. மேடுகள் மீதும், குன்றுகள் மீதும், ஓடைகளின் உட்பகுதிகளிலும், மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று மழைக்குரிய இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். மழை நின்றது. மக்கள் வெயிலில் நடந்து வீடு திரும்பினார்கள்.

இந்தப் பிரார்த்தனையின் உள்ளே ஒரு பாடம் இருக்கிறது. மழைக்கு என்று ஓர் இடம் உண்டு. மனிதனுக்கு என்று ஓர் இடம் உண்டு. இரண்டும் கலவாமல் இருந்தால் மழை ரஹ்மத். மழையின் இடத்தில் மனிதன் போய் அமர்ந்து கொண்டால் அதே மழை முஸீபத்.

சென்னை மாநகரம் சொல்லும் சாட்சி

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. செ.மீ. என்று சொன்னால் நமக்கு அதன் பாரம் தெரிவதில்லை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் மீது 49 செ.மீ. மழை விழுந்தால் அது ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பதைக் கொண்டுவந்து ஒரே மனையில் கவிழ்த்தால் எவ்வளவோ அவ்வளவு! ஒவ்வொரு மனையிலும் அவ்வளவு. அத்தனையும் எங்கே போவது?

மண்ணாக இருந்தால் கொஞ்சத்தை மண் குடிக்கும். ஏரியாக இருந்தால் கொஞ்சத்தை ஏரி தாங்கும். சதுப்பு நிலமாக இருந்தால் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, பின்னர் மெல்ல மெல்லக் கடலுக்கு விடும். சிமெண்டும் தாரும் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. விழுந்த அனைத்தையும் அவை விழுந்த நொடியிலேயே பக்கத்து மனைக்குத் தள்ளிவிடுகின்றன. முன்பு இரண்டு நாள் எடுத்து ஆற்றுக்கு வந்து சேர்ந்த நீர், இப்போது சில மணி நேரத்தில் வந்து மோதுகிறது. பெய்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் வெள்ளம் பெரிதாவதற்கு இதுவே காரணம்.

நகரின் வரலாற்றைப் பாருங்கள். இன்று தியாகராய நகர் என்று அழைக்கப்படும் பகுதி, 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்து ஏரியும் போயிற்று. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை இன்றும் இருக்கிறது. சாலை இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஏரிதான் இல்லை. தெற்கே கழுவெளி என்று மக்கள் அழைத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அரை நூற்றாண்டுக்கு முன்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் எல்லாம் அங்கே கூடி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்துக்குச் செல்லும். அதன் மீது குப்பை மேடு வந்தது. தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்தன. அடுக்குமாடிகள் வந்தன. 2022இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்டபோது கணக்கில் வந்த பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் மட்டுமே. வீடுகள் மட்டுமா? பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதனுள்ளும் ஊன்றப்பட்டன. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் அமைத்து நீட்டப்பட்டது. 2015இல் அந்த விமான நிலையமே நீரில் மூழ்கிப் பல நாள் மூடிக் கிடந்தது.

அந்த டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதற்கு மேல்பகுதி ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து வந்தது. 2018இல் சட்டப் பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, இதனை மனிதனால் விளைந்த பேரழிவு என்றே கூறியது. மழை வானிலிருந்து வந்தது. இழப்பில் பெரும்பகுதி நம் கைகளிலிருந்து வந்தது.

கடல் கதவை அடைக்கும்போது

மற்றொரு செய்தியையும் விளங்கிக் கொள்ள வேண்டும். நகரத்து நீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் கடல். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, தெற்கே கோவளம் கழிமுகம் என்று நான்கு வாசல்களே சென்னைக்கு உண்டு. நகரமோ கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்ட சமதளம். புயல் கரையருகே நிற்கும்போது காற்று கடலை நிலத்தை நோக்கித் தள்ளுகிறது. அலை உயர்கிறது. ஓதமும் சேர்ந்தால் கடல் மட்டம் ஆற்றின் மட்டத்துக்கு மேலே வந்துவிடும். அப்போது நாம் எவ்வளவு பெரிய மழைநீர் வடிகால் கட்டியிருந்தாலும் பயனில்லை. கதவைக் கடல் வெளியிலிருந்து தாழிட்டு விடுகிறது. நீர் திரும்பி வீதிக்கே வருகிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் இதைத்தான் செய்தது. அது சென்னையில் கரையேறவில்லை. சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபடி நகரின் மீது கொட்டித் தீர்த்துவிட்டு, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் பல நாள் தண்ணீர் வடியவில்லை. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அவ்வாறே புதுச்சேரியருகே நகர மறுத்து நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பெய்தது.

இவ்வாறான பெருமழைகள் இனியும் வரும். காற்று ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிகமான நீராவியைச் சுமக்கும் என்பது அறிவியல் கண்ட உண்மை. சூடேறிய கடலின் மேல் உருவாகும் மேகம் அதிகச் சுமையோடு வருகிறது. நம் தீன்குலத்தின் பழம்பெரும் பட்டினமாகிய காயல்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். காயல் என்றாலே கடலை ஒட்டிய நீர்ப்பரப்பு என்றுதான் பொருள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அது புயல்கூட அல்ல, ஒரு வளிமண்டலச் சுழற்சிதான். அதற்கே ஊர்கள் தீவுகளாயின. மழை பெருகிவரும் காலத்தில் மழையின் இடத்தைச் சுருக்கிக் கொண்டே போகிறவன் புத்திசாலியா?

இது தமிழகத்தின் பிணி மட்டும் அன்று. ஹாஜிகள் வந்திறங்கும் ஜித்தா நகரில் 2009 நவம்பர் 25 அன்று, அதாவது ஹிஜ்ரி 1430 துல்ஹஜ் பிறை எட்டில், ஹாஜிகள் மினாவுக்குப் புறப்படும் நாளில், சில மணி நேரத்தில் 9 செ.மீ. அளவே மழை பெய்தது. நமக்கு அது ஒரு சாதாரண மழை. ஆனால் வாதிகள் என்னும் வறண்ட ஓடைப் படுகைகளில் வீடுகளும் சாலைகளும் கட்டப்பட்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மன்னர் அப்துல்லாஹ் விசாரணைக்கு உத்தரவிட்டு, அதிகாரிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். லிபியாவின் தெர்னா நகரில் 2023 செப்டம்பர் 10 இரவு ‘டேனியல்’ புயலின் மழையில் இரண்டு அணைகள் உடைந்தன. நகரின் நடுவே செல்லும் ஓடையின் இரு கரைகளிலும் எழுந்திருந்த குடியிருப்புகள் உறங்கிக் கொண்டிருந்த மக்களோடு கடலில் போயின. இறந்தவர் பல்லாயிரம். அணைகள் சீர் செய்யப்படாவிட்டால் ஆபத்து என்று ஓராண்டுக்கு முன்பே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தது. அல்லாஹ் அவர்கள் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வானாக!

விதி என்று சொல்லித் தப்பலாமா?

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் கத்ரை நமது அலட்சியத்துக்குப் போர்வையாக்குவது ஈமான் அன்று.

உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில், ஹிஜ்ரி 17இல், மக்காவில் ஒரு பெருவெள்ளம் வந்தது. வரலாற்றாசிரியர்கள் அதை உம்மு நஹ்ஷல் வெள்ளம் என்று குறிப்பிடுகிறார்கள். அது ஹரம் ஷரீஃபுக்குள் புகுந்து மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்துவிட்டது. செய்தி கேட்ட கலீஃபா மதீனாவிலிருந்து விரைந்து வந்தார்கள். மகாமை அதற்குரிய இடத்தில் மீண்டும் அமைத்தார்கள். அத்தோடு திரும்பிவிட்டார்களா? இல்லை. வெள்ளம் மீண்டும் ஹரமுக்குள் புகாதபடி மேற்புறத்தில் தடுப்பணை கட்டச் செய்தார்கள். அல்லாஹ்வின் இல்லம், அதை அவனே பார்த்துக் கொள்வான் என்று அவர்கள் கையைக் கட்டிக் கொண்டிருக்கவில்லை. கஅபாவுக்கே தடுப்பணை தேவை என்று கலீஃபா கருதினால், நமது குடியிருப்புகளுக்கு முன்யோசனை தேவையில்லை என்று சொல்ல நாம் யார்?

நனைந்த தானியம்

இப்போது நம் ஒவ்வொருவரின் வீட்டு வாசலுக்கும் வருவோம்.

மனை விற்பவர்களும், வாங்குபவர்களும், தரகு செய்பவர்களும் நமது ஜமாஅத்துகளில் நிறையவே இருக்கிறார்கள். அது ஹலாலான தொழில்தான். ஆனால் மார்க்கம் அதற்கு விதித்த எல்லைகள் உண்டு. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். கையை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்து, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள்.

அந்த வியாபாரி தானியத்தைத் தானாக நனைக்கவில்லை. மழைதான் நனைத்தது. நனைந்ததை மறைத்ததுதான் அவர் செய்த குற்றம். சகோதரர்களே, கார்த்திகையில் இடுப்பளவு நீர் நிற்கும் மனையைச் சித்திரையில் காய்ந்த தரையாகக் காட்டி விற்பவரின் நிலை என்ன? இரண்டு லோடு செம்மண் அடித்து, நான்கு கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘பட்டா உண்டு, பேங்க் லோன் உண்டு’ என்று விளம்பரம் செய்து, மழைக்காலத்தில் அது குளம் என்பதை மட்டும் சொல்லாமல் விடுபவரின் நிலை என்ன? பட்டா இருக்கலாம், அப்ரூவல் இருக்கலாம். அவை மனிதர்களிடம் செல்லும், தண்ணீரிடம் செல்லாது. வெளிநாட்டில் இருபது வருடம் வெயிலில் உழைத்த ஒருவரின் சேமிப்பும், ஒரு தாயின் நகையும் அந்த மனையில் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

நமது ஃபுகஹாக்கள் இந்த விஷயத்தை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள் தெரியுமா? கிணற்றுக்கும் ஆற்றுக்கும் ‘ஹரீம்’ என்ற பாதுகாப்பு எல்லை உண்டு, அதற்குள் பிறர் புகுந்து கட்டவோ தோண்டவோ கூடாது என்று எழுதினார்கள். நீர் வடிந்து செல்லும் வழிக்கு ‘ஹக்குல் மஸீல்’ என்று தனியாக ஓர் உரிமையையே வகுத்தார்கள். மேட்டில் இருப்பவர் தமக்குரிய அளவு பாய்ச்சிக் கொண்டு கீழே இருப்பவருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களின் வழக்கில் தீர்ப்பளித்த வரலாறும் நமக்குத் தெரியும். வரவேண்டிய நீரைத் தடுப்பது அநீதி என்றால், போகவேண்டிய நீரைத் தடுத்து அடுத்தவர் வீட்டுக்குள் அனுப்புவதும் அநீதிதானே! ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை, வாய்க்காலை வளைத்துச் சுவர் எழுப்பியவருக்குப் பொருந்தாதா?

இங்கே ஒரு நீதியையும் சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்பு என்றவுடன் ஆற்றோரக் குடிசைகளே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. 2015க்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டுப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அந்தப் பெரும்பாக்கமும் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அங்கேயும் வெள்ளம் வருகிறது! வேறு வழியின்றி ஆற்றோரம் ஒதுங்கியவர் பெயர்க்கப்பட்டார். ஏரியின் மேல் மாளிகை எழுப்பியவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இந்தத் தராசு சரியானதா என்று சிந்தியுங்கள்.

எங்கள் பள்ளிவாசலின் முற்றம்

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிக் கொள்கிறேன். நான் இமாமத் செய்யும் பள்ளிவாசலின் முற்றத்தில் முன்பெல்லாம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். முஸல்லிகள் செருப்பைக் கையில் பிடித்துக் கொண்டு வருவார்கள். 2013இல் ஜமாஅத்தார் கூடி முற்றத்தை நான்கு அடி உயர்த்தி, சிமெண்ட் தளம் போட்டு, டைல்ஸ் பதிக்க முடிவு செய்தார்கள். அதற்கான நன்கொடையை மிம்பரிலிருந்து அறிவித்தவன் நான்தான். வேலை முடிந்ததும் மகிழ்ந்தோம். முற்றத்தில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. பள்ளிவாசலின் மேல்தளத்தை எல்லாச் சமுதாய மக்களுக்கும் திறந்துவிட்டோம். சென்னையின் பல பள்ளிவாசல்கள் அவ்வாறு திறந்திருந்தன. நம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கி மக்களை மீட்டதை நாடே பாராட்டியது. எங்களிடம் தங்கியவர்களில், பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வசிக்கும் ஒரு முதிய அம்மையாரும் இருந்தார். இந்துச் சகோதரி. வீட்டு வேலை செய்து பிழைப்பவர். மூன்றாம் நாள் காலையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “சாப்பாடு போட்டீங்க பாய், நல்லா இருப்பீங்க. ஆனா நீங்க பள்ளிவாசலை மேடாக்குனதுல இருந்து எங்க வீடு பள்ளமாப் போச்சு. போன வருசமே மழைக்கு உள்ள வந்துருச்சு. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல.”

அவர் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. நாங்கள் மூன்று நாள் உணவு கொடுத்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவருடைய வீட்டுக்குள் எங்கள் தண்ணீரை அனுப்பியிருந்தோம். உணவு கொடுத்தது ஊருக்குத் தெரிந்தது. தண்ணீர் அனுப்பியது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்தது.

அடுத்த கோடையில் ஜமாஅத்தார் மீண்டும் கூடினார்கள். முத்தவல்லி அவர்களே முதலில் எழுந்து, செலவானது போகட்டும், தளத்தை உடைப்போம் என்றார். முற்றத்தில் பாதியைப் பழைய மட்டத்துக்கே தாழ்த்தி மண்ணாக விட்டோம். உறைகிணறு ஒன்று இறக்கி, கூரைத் தண்ணீரையும் ஒளுச் செய்யும் தண்ணீரையும் அதற்குள் திருப்பினோம். 2023இல் மிக்ஜாம் வந்தபோது தெருவில் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. ஆனால் அந்த அம்மையாரின் வீட்டில் அது வாசல்படியோடு நின்றது. எங்கள் முற்றத்தில் முழங்கால் அளவு நின்றது. முஸல்லிகள் மீண்டும் செருப்பைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

கப்பலின் உவமையை நீங்கள் அறிவீர்கள். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தம் பகுதியில் ஒரு துளை போட நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர், தடுத்தால் அனைவரும் தப்புவர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அன்று எங்கள் ஊரில் மேல்தளத்தில் இருந்த நாங்களே துளை போட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறேன்.

நாம் செய்ய வேண்டியவை

வெள்ளம் வந்தபின் படகோடு ஓடுவதில் நம் சமுதாயம் முன்னணியில் நிற்கிறது. அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். வெள்ளம் வருமுன் செய்ய வேண்டியதில் நாம் பின்தங்கியிருக்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. தண்ணீரின் பாதையில் கிடக்கும் இடையூறும் அதில் அடங்கும்.

மனை வாங்குவோர் கோடையில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். அவ்வூர்ப் பெரியவர்களிடம் அது முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். கிராமத்து ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்ற சொற்கள் உண்டா என்று தேடுங்கள். விலை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

விற்போர் நனைந்த தானியத்தை மேலே வையுங்கள். அதனால் இரண்டு லட்சம் குறையலாம். பரக்கத் குறையாது.

வீடு கட்டுவோர் முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடாதீர்கள். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, அது இறங்கும் குழி மண்ணால் தூர்ந்து கிடக்கிறது. ஆடி மாதத்திலேயே அதைத் தூர்வாருங்கள். உங்கள் மனையை உயர்த்துமுன் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தாய்மார்களே, பிளாஸ்டிக் பையையும் குழந்தையின் டயப்பரையும் வடிகாலில் போடுவது, அடுத்த தெருக் குழந்தையின் தொட்டிலுக்குள் சாக்கடையை அனுப்புவதற்குச் சமம்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! பள்ளிவாசலோ மதரஸாவோ மண்டபமோ கட்டுவதாயின், அந்த இடம் நீர்நிலையாக இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். நீரின் உரிமையைப் பறித்த நிலத்தில் நின்று நீரால் ஒளுச் செய்து தொழுவது எவ்வளவு பெரிய முரண்பாடு! உங்கள் வார்டில் தூர்ந்த வாய்க்கால் எது, அடைபட்ட மடுவு எது என்று பட்டியலிட்டு, எல்லாச் சமுதாயத்தாரையும் சேர்த்துக் கொண்டு அதிகாரிகளிடம் மனு கொடுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. கேட்பவர் இருந்தால்தான் சட்டம் விழித்திருக்கும்.

சகோதரர்களே! அடுத்த மழைக்காலத்தில் நாம் மீண்டும் கைகளை உயர்த்துவோம். எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மீது வேண்டாம் என்று அண்ணலார் கற்றுத்தந்த முறையில் கேட்போம். ஓடைகளின் மீதும் மரங்கள் முளைக்கும் இடங்களின் மீதும் பொழியட்டும் என்று கேட்போம். அப்படிக் கேட்பதற்கு, ஓடைகள் மிஞ்சியிருக்க வேண்டும். மரம் முளைக்க மண் மிஞ்சியிருக்க வேண்டும். துஆவை அல்லாஹ் ஏற்றுக் கொள்வான். அவன் அனுப்பும் நீர் இறங்குவதற்குரிய இடத்தை விட்டுவைப்பது நம் மீதுள்ள அமானிதம்.

யா அல்லாஹ்! உன் மழையை எங்களுக்குப் பயனுள்ளதாக ஆக்குவாயாக! வெள்ளத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! தாழ்ந்த தெருக்களில் வாழும் ஏழைகளைக் காப்பாயாக! அறிந்தும் அறியாமலும் எங்கள் தண்ணீரை அண்டை வீட்டார் மீது செலுத்திய பாவத்தை மன்னிப்பாயாக! அதைச் சரிசெய்யும் துணிவையும் தருவாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!